குறைமாதக் கணக்கு யாருடையது?

பட்டினப்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே ஐந்து கிலோமீட்டர் போனால் கோஷா ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்ச தூரத்தில் எழும்பூர் பிள்ளைப்பேறு மருத்துவமனை. மேற்கே மயிலாப்பூருக்குள் நுழைந்தால் இசபெல் மருத்துவமனை. தெற்கே அடையாறு ஆற்றைக் கடந்தால் பெரிதும் சிறிதுமாகத் தனியார் மருத்துவமனைகள். பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்தால், கையெட்டும் தூரத்தில் இத்தனை வாசல்கள் இருக்கின்றன. சென்னைக்கு வெளியே பல ஊர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

இந்த மருத்துவமனைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் நூறு பிரசவத்துக்கு எத்தனை குழந்தைகள் மிகவும் குறைமாதத்தில் பிறந்தன என்று ஒரு பட்டியல் போட்டால் என்ன தெரியும்? ஒன்றில் அரை சதவீதம், இன்னொன்றில் ஐந்து சதவீதம் என்று வந்தால், முதலாவது நல்ல ஆஸ்பத்திரி, இரண்டாவது மோசம் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. பல நேரங்களில் உண்மை அதற்கு நேர் எதிராகவே இருக்கும். அது ஏன் என்பதையும், மருத்துவமனையை அளக்க வேறு எதைக் கேட்க வேண்டும் என்பதையும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அளவுகோல். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 32 வாரத்துக்கு முன் என்றால் மிகவும் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன் என்றால் அது கத்தி முனையில் நிற்கும் உயிர். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் 30 லட்சம் பேர் இந்தியாவில். அதாவது நம் நாட்டில் நூறு பிறப்புக்கு 13. இந்தக் குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் 32 வாரத்தைக் கடந்தவர்கள். ஏறத்தாழ 15 சதவீதம் பேர்தான் அதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். மொத்தப் பிறப்புகளில் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு. எண்ணிக்கை சிறியது, ஆனால் பச்சிளம் உயிரிழப்பில் இவர்களின் பங்கு மிகப் பெரியது.

நம் வீடுகளில் வாரக் கணக்கு கிடையாது, மாதக் கணக்குதான். பத்து மாதம் சுமந்தேன் என்று அம்மாக்கள் சொல்வதை மிகையென்று நினைப்பவர்கள் உண்டு. 28 நாளை ஒரு மாதமாக எண்ணிப் பாருங்கள்: மருத்துவர் சொல்லும் 40 வாரம் சரியாகப் பத்து மாதம். அந்தக் கணக்கில் 32 வாரம் என்பது எட்டாம் மாதத்தின் முடிவு, 28 வாரம் ஏழாம் மாதத்தின் முடிவு. ஏழு மாசத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டு மாசத்தில் பிறந்தால் பிழைக்காது என்ற நம்பிக்கை மட்டும் தவறு. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை இருந்திருக்கிறது. கருப்பையில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எட்டு மாதம் ஏழு மாதத்தைவிட எப்போதும் நல்லது. எட்டாம் மாதக் குழந்தைதானே, இனி என்ன செய்ய முடியும் என்று யாராவது கை விரித்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது பட்டியலுக்கு வருவோம்.

எழும்பூர் மருத்துவமனை 1844இல் தொடங்கியது. கோஷா 1885இல், ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காக மேரி ஷார்லீப் முன்னின்று தொடங்கியது. பின்னர் கஸ்தூரிபா காந்தி பெயர் சூட்டினாலும் திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இன்றும் அது கோஷாதான். இவை இரண்டும் கடைசிப் புகலிடங்கள். இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்த தாய், 27 வாரத்தில் பனிக்குடம் உடைந்த தாய், வயிற்றில் மூன்று குழந்தைகளோடு வரும் தாய் என்று வேறெங்கும் வைத்துப் பார்க்க முடியாதவர்களை 108 வண்டி இங்கேதான் இறக்குகிறது. மாநகராட்சி மகப்பேறு மனைகளும் சிறிய நர்சிங் ஹோம்களும் எழுதிக் கொடுக்கும் ரெஃபர் சீட்டுகளில் பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஆயிரம் பிரசவம் பார்க்கும் சிறிய மருத்துவமனைகள் இருபது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு என்ற சராசரிப்படி ஒவ்வொன்றுக்கும் இருபது தாய்மார் 32 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வேண்டும். அவர்களில் 15 பேரை அவை பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகின்றன. மிச்சம் ஐந்து, விகிதம் அரை சதவீதம். பெரிய மருத்துவமனைக்குச் சொந்தமாக 10,000 பிரசவம், அதில் 200 மிகவும் குறைமாதம். அதோடு அனுப்பப்பட்டு வந்தவர்கள் 300 பேர். மொத்தம் 10,300இல் 500. விகிதம் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம். இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம். எந்த மருத்துவரும் எந்தத் தவறும் செய்யவில்லை, எந்தப் பகுதியிலும் ஒரு குழந்தைகூட அதிகமாகக் குறைமாதத்தில் பிறக்கவில்லை. தாய்மார் சரியான இடத்துக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். சொல்லப்போனால் இந்த இடைவெளி அகலமாக இருப்பது நகரத்துக்கு நல்ல அறிகுறி. எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே இரண்டு சதவீதம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். செயற்கை சுவாசக் கருவி இல்லாத இடங்களில் 29 வாரக் குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம்.

வசதியானவர்களின் பக்கத்திலும் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. சீனிவாசபுரத்தை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரின் அடுக்குமாடியில் இருப்பவர் கோஷாவுக்குப் போகப் போவதில்லை. சென்னை கருத்தரிப்பு சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் இங்கேதான் பிறந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கருவை வைத்தால் இரட்டையும் மூன்றும் உருவாகலாம். இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கின்றன. பத்தில் ஒன்று 32 வாரத்தைத் தொடுவதில்லை. ஆகவே கருத்தரிப்பு மையம் நடத்தும் தனியார் மருத்துவமனையின் விகிதமும் உயரும். அதற்கும் கோஷாவின் விகிதத்துக்கும் எண் ஒன்றாக இருக்கலாம், காரணத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சின்ன மருத்துவமனைகளில் இன்னொரு கண்கட்டு நடக்கும். ஆண்டுக்கு 200 பிரசவம் பார்க்கும் இடத்தில் நான்கு குழந்தைகள் எதிர்பார்க்கலாம். எதுவுமே மாறாத நிலையில் வெறும் தற்செயலாலேயே ஓர் ஆண்டு ஒன்றும், மறு ஆண்டு ஏழும் பிறக்கலாம். ஒன்று என்றால் அரை சதவீதம், ஏழு என்றால் மூன்றரை. விளம்பரப் பலகையில் முதல் எண்ணைப் போட்டுக்கொள்வதும், இரண்டாவது எண்ணைப் பார்த்து ஊரே பழிப்பதும் இரண்டும் அநியாயம். பத்தாயிரம் பிரசவம் பார்க்கும் இடத்தில் இந்த ஊசலாட்டம் மிகச் சிறிது. தரவரிசையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் பெரும்பாலும் சிறிய மருத்துவமனைகளே வந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவும் எண்ணியது சரி என்று வைத்துக்கொண்டு சொன்னவை. எண்ணுவதிலேயே பெரிய குழப்பம் இருக்கிறது. குழந்தை 31 வாரமா 33 வாரமா என்று எப்படித் தெரியும்? கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைத் தாய் சொல்வது ஒரு வழி. தேதி நினைவில்லாதவர்கள், மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கருவுற்றவர்கள் எல்லாருக்கும் இது பிசகும். முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் நம்பகமானது. ஆனால் ஸ்கேன் கருவியில் பதிந்திருக்கும் சூத்திரம் மேலைநாட்டுக் கருக்களை அளந்து எழுதியது. நம் கிண்டி ஐ.ஐ.டி.யில் ஹிமான்ஷு சின்ஹாவின் குழு, ஃபரிதாபாத் ஆய்வு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த தாய்மாரின் விவரங்களைக் கொண்டு இந்தியக் கருக்களுக்கான சூத்திரம் ஒன்றை உருவாக்கியது. கர்ப்பிணி என்றே அதற்குப் பெயர். 2021இல் வெளியான அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த தகவல் இது: அதே தாய்மார், அதே குழந்தைகள், வாரத்தைக் கணக்கிடும் முறையை மட்டும் மாற்றினால் குறைமாதப் பிறப்பு விகிதம் 11.27 சதவீதத்திலிருந்து 16.5 சதவீதம் வரை மாறுகிறது. ஒரே மருத்துவமனைக்குள் இவ்வளவு என்றால், ஒருவர் மாதவிலக்குத் தேதியையும் இன்னொருவர் ஸ்கேனையும் மூன்றாமவர் குழந்தையின் எடையையும் வைத்து எழுதும் மருத்துவமனைகளை ஒப்பிட்டு என்ன பயன்? பிரசவ அறையில் வாரம் தெரியாத நேரத்தில் எடையைப் பார்த்து உத்தேசமாக எழுதுவது ஊரறிந்த பழக்கம். நம் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் எடை குறைந்தவை அதிகம். நிறைமாதக் குழந்தையும் இப்படிக் குறைமாதக் கணக்கில் ஏறிவிடும்.

24, 25 வாரத்தில் பிறந்து ஒருமுறை மூச்சிழுத்து அடங்கிய குழந்தையை எங்கே எழுதுவது? ஒரு மருத்துவமனை பிறப்பு என்று எழுதும். மற்றொன்று கருச்சிதைவு என்று எழுதி முடித்துவிடும். முன்னதன் குறைமாத விகிதமும் இறப்பு விகிதமும் உயரும், பின்னதில் அந்தக் குழந்தை கணக்கிலேயே வராது. நாடுகளுக்கிடையே செத்துப் பிறந்த குழந்தைகளை ஒப்பிடும்போது உலக சுகாதார நிறுவனமே 28 வாரத்தைத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறது. அதற்குக் கீழே நடப்பதைப் பார்க்க உலகத்துக்கே இன்னும் ஒழுங்கான கண் கிடைக்கவில்லை. பெற்றவளுக்கு அந்தக் குழந்தை எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டாலும் அது அவள் குழந்தை.

அறுவைச் சிகிச்சையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் 64, அரசில் 36. நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, அல்லது அவசரப்பட்டு 35, 36 வாரத்தில் எடுத்துவிடும் வழக்கம் மொத்தக் குறைமாத விகிதத்தைக் கூட்டும். 30 வாரத்தில் யாரும் நட்சத்திரம் பார்ப்பதில்லை. தாயின் உயிர் போகும் நிலை, அல்லது தானாக வந்த வலி, இவைதான் அங்கே பெரும்பாலும் காரணம். அதனால்தான் 32 வாரத்துக்கு முந்தைய விகிதத்தில் மருத்துவமனையின் கை குறைவு. தாயின் வாழ்க்கையின் கை அதிகம்.

அந்த வாழ்க்கையை அளக்க வேண்டிய இடம் அவள் வசிக்கும் தெரு. நொச்சிக்குப்பத்தில் வெயிலில் உட்கார்ந்து மீன் விற்பவருக்கும், குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை செய்பவருக்கும் கர்ப்பகாலம் ஒன்றல்ல. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டில் வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்யும் பெண்கள் உட்பட 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. கவனிக்காத இரத்தக் கொதிப்பு, சிறுநீர்த் தொற்று, இரத்தசோகை, அடுத்தடுத்த கர்ப்பம், இளவயது மணம் என்று மற்ற காரணங்களும் தெருவுக்குத் தெரு வேறுபடும். சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களிலிருந்து பல குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். ஐந்து கிலோமீட்டரில் கோஷா இருந்த பெண்ணுக்கு இப்போது சுமார் இருபது கிலோமீட்டர். வலி கண்ட பிறகு அந்தத் தூரம் என்ன செய்யும் என்று எந்த மருத்துவமனையின் பட்டியலும் சொல்லாது. தாய் இன்று இருக்கும் முகவரியை வைத்து எண்ணினால்தான் தெரியும்.

மருத்துவமனையை அளக்க வேறு கேள்விகள் உண்டு. சரியான இடம் சேர்ந்த பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன செய்தார்கள்? ஐரோப்பாவின் 11 நாடுகளில் 19 வட்டாரங்களைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. 2016இல் முடிவு வெளிவந்தது. 24இலிருந்து 31 வாரம் வரை பிறந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பார்த்தவை நான்கே நான்கு: தகுந்த வசதியுள்ள மருத்துவமனையில் பிறந்ததா, பிறக்குமுன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா, குழந்தை உடல் சில்லிடாமல் காத்தார்களா, நுரையீரல் விரிய உரிய உதவி உடனே கிடைத்ததா. இவற்றில் புதுமையோ ரகசியமோ எதுவும் இல்லை. ஆனாலும் நான்கும் ஒருசேரக் கிடைத்தது நூற்றுக்கு 58 குழந்தைகளுக்குத்தான். எல்லாருக்கும் கிடைத்திருந்தால் இறப்பு 18 சதவீதம் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பணக்கார ஐரோப்பாவின் நிலையே இது.

ஸ்டீராய்டு ஊசியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவமனை வித்தியாசம் என்றால் என்ன என்பது அதில் அப்படியே தெரிகிறது. நியூசிலாந்தின் லிகின்ஸ், ஆட்டுக்குட்டிகளில் கண்டதை வைத்து, ஹோவியோடு சேர்ந்து 1972இல் வெளியிட்ட ஆய்வு இது: பிறக்குமுன் தாய்க்குப் போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது. விலை மலிவு. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கிராம அளவில் பரவலாகக் கொடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டபோது எல்லாரும் திகைத்தார்கள். சின்னக் குழந்தைகளின் சாவு குறையவில்லை. மொத்தத்தில் பச்சிளம் சாவும் தாய்மாரின் தொற்றும் கூடியிருந்தன. ஊசி பெற்ற பலர் உண்மையில் குறைமாதத்தில் பிரசவிக்கவே இல்லை. வாரக் கணக்கு உறுதியில்லை, பிறந்த குழந்தையைப் பார்க்கும் வசதியும் எல்லா இடத்திலும் இல்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவையும் சேர்த்து ஐந்து நாடுகளில், ஸ்கேனில் வாரத்தை உறுதி செய்து, குழந்தைப் பராமரிப்பு உள்ள மருத்துவமனைகளில் மட்டும் அதே மருந்தைக் கொடுத்தது. 2020இல் வந்த முடிவு: ஊசி போடாதவர்களில் 23.5 சதவீதக் குழந்தைகள் இறந்தன, போட்டவர்களில் 19.6. ஊசி ஒன்றுதான். வாரம் தெரிந்த இடத்தில் உயிர் காத்தது, தெரியாத இடத்தில் உதவவில்லை.

உடல் சூடும் அப்படித்தான். ஆயிரம் கிராம் குழந்தைக்கு ஈரத்துணியோடு பத்து நிமிடம் போதும், உடல் சில்லிட்டுவிட. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை வேறு மருத்துவமனைக்கு மாற்றுவது ஒன்று, பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி ஆம்புலன்சில் கொண்டுபோவது வேறு. அரசின் சிறப்புப் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் இங்கேயே பிறந்தவை, வெளியே பிறந்து வந்தவை என்று இரண்டு கணக்கு வைத்திருப்பது இதற்காகத்தான். வெளியே பிறந்து வருபவை பலவும் பாதி வழியிலேயே தோற்றிருக்கும். தனியாரில் நாளுக்குப் பல ஆயிரம் கட்டி, நகை விற்று, கையில் பணம் தீர்ந்த பிறகு எழும்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பங்களை இந்த ஊர் அறியும். அந்தக் குழந்தை இறந்தால் அரசு மருத்துவமனையின் கணக்கில்தான் ஏறும்.

இயந்திரம் மட்டும் காரணமென்று நினைத்துவிடக் கூடாது. 1978இல் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத நெருக்கடியில், தாயின் மார்போடு குழந்தையைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். கங்காரு அரவணைப்பு என்கிறோம். நிலைமை சீரான பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றிருந்ததை மாற்றி, பிறந்தவுடனேயே தொடங்கினால் என்ன ஆகும் என்று டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு மருத்துவமனைகளும் சோதித்தன. 2021 முடிவில் 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. அதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கு ஒரு கட்டில் போட வேண்டும். எத்தனை மருத்துவமனைகள் அம்மாவை வராந்தாவில் நிறுத்திவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே வைத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிழைத்த குழந்தையின் கண்ணும் அப்படியே. 34 வாரத்துக்கு முன், அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். தவறினால் உயிர் பிழைத்த குழந்தை பார்வை இழக்கக்கூடும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அந்தத் தேதி எழுதப்பட்டதா என்பதும் மருத்துவமனையின் தரம்தான்.

எனவே என் தீர்ப்பு இது. எத்தனை குழந்தைகள் 32 வாரத்துக்கு முன் பிறக்கின்றன என்பதைத் தாயின் முகவரி வாரியாக எண்ணி வெளியிட வேண்டும். அதற்கு மாநகராட்சி வார்டும் சுகாதாரத் துறையும் பதில் சொல்ல வேண்டும். பிறந்தவர்களில் வாரம் வாரியாக எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை தாய்மாருக்கு நேரத்தில் ஊசி கிடைத்தது, எத்தனை குழந்தைகள் சில்லிட்டு வந்தன, எத்தனை கண்கள் பார்க்கப்பட்டன என்பதை மருத்துவமனை வாரியாக வெளியிட வேண்டும். அதற்கு அரசு, தனியார் இரண்டும் பதில் சொல்ல வேண்டும். புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மி என்ற அரசின் கணினிப் பதிவும் பன்னிரண்டு இலக்க எண்ணும் இருக்கின்றன. அந்த எண் இல்லாமல் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகையும் கிடைப்பதில்லை. தாயின் முகவரியும் பிரசவம் நடந்த இடமும் ஒரே எண்ணில் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கின்றன. சேர்த்துப் படிப்பவர்தான் வேண்டும்.

பட்டினப்பாக்கத்தில் இப்போது கருவுற்றிருக்கும் பெண்ணிடமும், அவர் மாமியாரிடமும், கணவரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அந்தச் சீட்டை அரிசி டப்பாவுக்குள் பத்திரப்படுத்தாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். ஏழாம் மாதத்தில் தண்ணீர் கசிந்தாலோ வலி கண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் போய் அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். வண்டியில் ஏறும்போதே, குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். போய் இறங்கியதும் எத்தனை வாரம் என்று முதலில் சொல்லுங்கள்.